அடித்துவிட்ட பெயரை மேடையில் அழைத்தவர்

குற்றச்சாட்டு: 2024ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றே முக்கால் மணி அளவில், செம்பூரில் ஒரு திருமண மண்டபத்தில், தாராவி தோல் பை வியாபாரி திரு. ராஜசேகரின் அறுபதாம் கல்யாண மேடையில், 'உறவுப் பாலம்' என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தின் உரிமையாளர் திரு. ஜெயகணேஷ், அக்குடும்பம் எந்த அழைப்பிதழிலும் வரக்கூடாது என்று அடித்துவிட்ட ஒரு பெயரை, ஊரோடும் வேலை பார்க்கும் இடத்தோடும் ஒலிபெருக்கியில் வாசித்தார். அந்த விவரம் எங்கள் அச்சகத்தில் இருந்த ஒரு ப்ரூஃப் தாளில் மட்டுமே இருந்தது. அந்தத் தாளை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. நான் கொடுத்ததாக அவர் சொல்லிவருகிறார்.

இந்தக் கட்டுரையை எழுத நானாக முன்வரவில்லை. சென்ற டிசம்பர் 8ஆம் தேதி நம் வணிகர் கூட்டமைப்பின் செயலாளர் மிக்கேல்ராஜ் அச்சகத்துக்கு வந்தார். பிப்ரவரி 23ஆம் தேதி நடக்கும் ஆண்டு விழாவில் ஜெயகணேஷுக்கு 'மக்கள் தொடர்புச் செம்மல்' விருது வழங்க முடிவாகியிருப்பதாகவும், விழா மலரில் அவரது வாழ்க்கைக் குறிப்பு இடம்பெற வேண்டும் என்றும் சொன்னார்.

"அவன ஆரம்பத்துலேருந்து பாத்தது நீங்கதானம்மா. மத்தவுகளக் கேட்டா, பெரிய ஆளு, நல்ல ஆளுன்னு ரெண்டு வரியில முடிச்சிருவாக."

"நடந்ததைத்தான் எழுதுவேன்."

"பின்னே நடக்காததையா எழுதச் சொல்லுதேன்? கொஞ்சம் நல்லபடியா எழுதுங்க, அம்புட்டுதான்."

அவருக்கு அப்போது விஷயம் தெரியாது. நடந்ததை எழுத ஒப்புக்கொண்டேன். அந்த ஒப்புதலின்படியே எழுதுகிறேன். அடித்துவிட்ட அந்தப் பெயர் மகேஸ்வரி. அதை எழுத அவரிடமே தொலைபேசியில் அனுமதி பெற்றேன். "பழைய ஊர எழுதுங்க. இப்ப இருக்குற ஊர எழுதாதீங்க" என்றார். என்னை நம்புகிறாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதலில் என்னைப் பற்றித் தேவையான அளவு. 1998 முதல் தாராவியில் கரீம் பாட்சாவின் அச்சகத்தில் தமிழ் அச்சுக்கோப்பு செய்துவருகிறேன். கணினியில் தமிழ் அடிக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விசைப்பலகைப் படத்தைத் தாளில் வரைந்து, சமையலறைச் சுவரில் ஒட்டி, குழம்பு கொதிக்கிற நேரத்தில் விரல்களைப் பழக்கினேன். எங்களிடம் பில் புத்தகமும் விசிட்டிங் கார்டும் அடிப்பார்கள் என்றாலும், அச்சகம் ஓடுவது கல்யாணப் பத்திரிகையால்.

நம்மவர்கள் பத்திரிகையில் மணமக்கள் பெயர் கால் பங்கு. மீதி முக்கால் பங்கு உறவு. தாத்தா வழி, மாமன் வழி, அண்ணன், மதினி, அவர்கள் பிள்ளைகள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் படிப்பு, வேலை, ஊர். முலுண்டில் இருப்பவர் முலுண்ட் என்று போடச் சொல்வார். சான்பாடாவுக்கு வீடு மாறியவர் சான்பாடா என்று தவறாமல் திருத்துவார். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டார் கல்யாணத்துக்கு வர மாட்டார்கள். ஆகவே எங்கள் அச்சகத்தில் ஒரு விதி உண்டு. முதல் ப்ரூஃப் தாளில் வாடிக்கையாளர் திருத்தங்களைச் செய்து, கீழே 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி போட வேண்டும். பிறகு யாராவது "என் பெயரை ஏன் விட்டீர்கள்?" என்று சண்டைக்கு வந்தால், அச்சகம் விடவில்லை என்பதற்கு அந்தத் தாளே சாட்சி.

அச்சிட்ட பத்திரிகை ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியும், அதன் ப்ரூஃபும் என்னிடம் இருக்கின்றன. பத்திரிகைகள் அட்டைப் பெட்டிகளில்; ப்ரூஃப்கள் துணி சுற்றிய கட்டுகளில், பீரோவின் கீழ்த்தட்டில். இரண்டையும் நான் கலந்ததில்லை. பத்திரிகை, ஊருக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு குடும்பம் நினைப்பது. ப்ரூஃப், அந்த முடிவுக்கு அது வந்த வழி. யார் பெயர் முதலில் இருந்தது, யார் கீழே இறக்கப்பட்டார், யார் அடிக்கப்பட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

2007 ஜூன் மாதம் ஜெயகணேஷ் முதன்முதலாக எங்கள் படியேறினார். வயது இருபத்து மூன்று. தாராவியில் பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவர். கூரியர் அலுவலகத்தில் வேலை. அக்காவின் கல்யாணப் பத்திரிகைக்காக வந்திருந்தார். தமிழ் அச்செழுத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் படிப்பார். கையெழுத்துத் தமிழ் அறவே வராது. ஆகவே ப்ரூஃபை நான் வாசிக்க, அவர் கேட்டார். நாற்பத்தாறு பெயர்கள். முடித்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, நாற்பத்தாறையும் ஊரோடும் படிப்போடும் வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னார். ஒரு சித்தப்பாவின் படிப்பு நான் அடித்ததில் தவறு என்றும் சொன்னார். தவறுதான்.

கரீம் பாட்சா இயந்திரத்தில் காகிதம் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்ன தம்பி, உள்ளாற கேசட்டு கீசட்டு ஓடுதா?"

"கேசட் எல்லாம் பந்த் ஆயிடுச்சு பாய். இது மெமரி கார்டு."

அந்த மழைக்காலத்திலேயே அவருடைய தொழில் தொடங்கியது. முலுண்டைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர் பத்திரிகைக் கட்டுகளை வாங்கிக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்தார். இருநூறு வீடுகள், கல்யாணத்துக்கு முன்பு இரண்டே ஞாயிற்றுக்கிழமைகள். தபாலில் அனுப்பினால் மரியாதை இல்லை. கணவன் மனைவியாகப் போய்த் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது ஞாயிறு மத்திய ரயில் பாதையில் மெகா பிளாக் வேறு. பாதி ரயில்கள் ஓடாது. தன் அக்காவின் பத்திரிகையை வாங்க வந்திருந்த ஜெயகணேஷ், "பிளாக் இல்லாத ஞாயிறு அம்பர்நாத், கல்யாண் முடிச்சிருங்க. பிளாக் அன்னைக்கு ஹார்பர் லைன். நான் கூட வரேன்" என்றார். யார் வீடு மாறினார்கள் என்பதை என் பெட்டிகளிலிருந்த பிந்திய பத்திரிகைகளைப் பார்த்து நான் சொன்னேன். எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும், எந்த வீட்டாருக்கு இன்னார் வீட்டுக்குப் போய்விட்டு வந்தோம் என்று சொல்லக் கூடாது என்பதை அவர் ஒரே நாளில் கற்றுக்கொண்டார். இரண்டு ஞாயிறுகளில் ஒரு வீடு விடாமல் முடிந்தது.

அதன்பின் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் "அந்தத் தம்பி கிடைப்பாரா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் ஒவ்வொரு வீட்டிலும் பத்திரிகை கொடுக்கிறவருக்குப் பின்னால் அரை அடி தள்ளி உட்காருவார். பிள்ளைகளின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வார். ஆறு மாதம் கழித்து ரயிலில் பார்த்தால், "சின்னவனுக்கு டைபாய்டு சரியாச்சா?" என்பார். எதிரில் இருப்பவர் அப்படியே கரைந்துபோவார். இது நடிப்பு என்று சொல்ல மாட்டேன். அவருக்கு உண்மையாகவே மனிதர்கள் பிடிக்கும். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் நடந்ததை என்னால் சீரணிக்க முடியவில்லை.

2011இல் கூரியர் வேலையை விட்டார். 2013இல் செம்பூரில் ஓர் அறை எடுத்து 'உறவுப் பாலம்' என்று பலகை வைத்தார். பலகையின் எழுத்தை அமைத்தவள் நான். கடை திறப்பு விழாவுக்கு யாரைக் குத்துவிளக்கு ஏற்ற அழைப்பது, தமிழ் நாளிதழ்களில் செய்தி வர யாரிடம் பேசுவது, ஃப்ளெக்ஸில் யார் படம் யார் படத்துக்கு அடுத்து வரலாம், பொன்னாடை யாருக்கு முதலில், சண்டையில் இருக்கும் இரண்டு பங்காளிகளை ஒரே மேடையில் எத்தனை நாற்காலி தள்ளி உட்கார வைப்பது: இவையெல்லாம் அவர் தொழில். மும்பையில் பெரிய நிறுவனங்களுக்கு இந்த வேலை செய்பவர்கள் ஏராளம். மாவுக்கடைக்காரருக்கும் தோல் பை வியாபாரிக்கும் செய்ய ஜெயகணேஷ்தான் இருந்தார்.

மாட்டுங்காவில் ஓர் உணவகத்தின் மாடியில் மாதம் ஒருமுறை அவர் நடத்தும் காலைச் சிற்றுண்டிக் கூட்டத்தை இந்த மலரின் வாசகர்களில் பலரும் அறிவீர்கள். அதன் விதி அவருடையது: யாரும் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது, பக்கத்து நாற்காலிக்காரரை அறிமுகப்படுத்த வேண்டும். அடுத்தவரைப் புகழ வேண்டுமென்றால் அவரைப் பற்றிக் கேட்டாக வேண்டும். கேட்டால் பழக்கம் வரும். அந்த மாடியில் தொடங்கிய கூட்டு வியாபாரங்கள் இன்றும் நடக்கின்றன. விருதுக்கு இது தகுதியானது என்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஒவ்வொரு மேடையிலும் அவர் என்னைக் குறிப்பிடுவார். "என் ஹார்ட் டிஸ்க் பாட்சா பாய் பிரஸ்ல இருக்கு, பேரு விஜயராணி அக்கா." கூட்டம் சிரிக்கும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எங்களுக்குள் ஒப்பந்தம் எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் தாள் வைத்திருக்கும் நான், இதற்கு மட்டும் வைக்கவில்லை. அக்கா என்று அழைப்பவரிடம் கையெழுத்துக் கேட்பது எனக்குக் கூச்சமாக இருந்தது.

பெட்டிகளை அவர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டுகளைத் தொடக் கூடாது. இது அவருக்குத் தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம். 2012இல் ஒரு மளிகை வியாபாரியின் வீட்டுப் பத்திரிகையில் இளைய தம்பியின் பெயர் ஏன் இல்லை என்று கேட்டார்.

"பத்திரிகையில இல்லேன்னா இல்ல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"ப்ரூஃப்ல இருக்குமே அக்கா. சும்மா ஒரு லுக்."

"ப்ரூஃப் உனக்கு இல்லை."

"நீங்க சி.பி.ஐ.ல இருக்க வேண்டியவங்க. கல்யாணப் பத்திரிகை அடிச்சு டைம் வேஸ்ட் பண்றீங்க."

இனி மகேஸ்வரியின் விஷயம். 2021 நவம்பர் 8ஆம் தேதி, திங்கட்கிழமை, ராஜசேகரின் மனைவி தங்கத்தாய் தனியாக அச்சகத்துக்கு வந்தார். இளைய மகளின் கல்யாணப் பத்திரிகை. அவர்கள் கடைக் கணக்கர் முன்பே எழுதிக் கொடுத்த பட்டியலை அச்சுக்கோத்து ப்ரூஃப் எடுத்து வைத்திருந்தேன். அதில் மூத்த மகள் மகேஸ்வரி, எம்.எஸ்ஸி., அம்பர்நாத்தில் ஒரு மருந்துக் கம்பெனி, பிரிவின் பெயர் உட்பட இருந்தது. தங்கத்தாய் என் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை இரண்டு முறை அடித்தார்.

"ஊரு வேண்டாம், கம்பெனி வேண்டாம். அவ பேரே வேண்டாம் ராணி."

"மூத்த மக பேரு இல்லாம எப்படி மைனி? கேப்பாகளே."

"கேக்கட்டும். அவளுக்கும் அப்பாவுக்கும் சண்டைன்னு பேசட்டும். அப்படிப் பேசினா எங்களுக்கு நல்லதுதான்."

பிறகு கரீம் பாட்சா தொழுகைக்குப் போகும்வரை காத்திருந்து சொன்னார். மகேஸ்வரியின் கணவன் அடிக்கிறவன். அவள் ஒரு பையோடு வெளியேறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவனும் அவன் அண்ணனும் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஊரும் வேலையும் தெரிந்தால் வாசலில் வந்து நிற்பார்கள். சண்டை என்ற பேச்சைக் குடும்பமே பரப்பிவிட்டது. வீட்டோடு உறவில்லாதவளை வீட்டு வழியாகத் தேட மாட்டார்கள் அல்லவா.

நான் ப்ரூஃபின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 'இனி எந்தப் பத்திரிகையிலும் சேர்க்கக் கூடாது. மகள் இருக்கும் ஊர் கணவர் வீட்டாருக்குத் தெரியக் கூடாது.' நான் இல்லாத நாளில் வேறொருவர் அச்சுக்கோத்தால் தவறு நேரக் கூடாது என்பதற்காக எழுதினேன். காரணத்தை எழுதியிருக்கக் கூடாது. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

2023 மழையில் அச்சகத்தின் கூரை ஒழுகி இரண்டு பெட்டிகள் நனைந்தன. பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து தருவதாக ஜெயகணேஷ் சொன்னார். ஆகஸ்ட் 19ஆம் தேதி பதினொரு பெட்டிகளைக் கொடுத்தேன். பட்டியலில் அவர் கையெழுத்திட்டார். அந்தத் தாள் இருக்கிறது. அதில் ப்ரூஃப் கட்டுகள் இல்லை.

செப்டம்பர் 14ஆம் தேதி நான் கண் அறுவைக்காக மருத்துவமனையில் இருந்தேன். அன்று அவர் ஓர் ஆட்டோவோடு வந்து, "அக்கா மிச்சத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று கரீம் பாட்சாவிடம் சொல்லி, பீரோவிலிருந்த நான்கு கட்டுகளையும் எடுத்துப் போனார். பாட்சாவுக்குச் சந்தேகம் வர நியாயமில்லை. பதினாறு ஆண்டுப் பழக்கம். நான் வீடு திரும்பி விஷயம் அறிந்து தொலைபேசியில் கேட்டேன்.

"பை மிஸ்டேக் வந்துடுச்சு அக்கா. டென்ஷன் எடுக்காதீங்க, கண்ணுக்கு நல்லதில்ல. திருப்பிடறேன்."

20ஆம் தேதி நான்கு கட்டுகளும் வந்தன. தாள்களை எண்ணிப் பார்த்தேன், குறையவில்லை. பழக்கத்தின்படி ஒரு செய்தி அனுப்பினேன்: 'ப்ரூஃப் கட்டுகள் நான்கும் வந்து சேர்ந்தன. நன்றி.' எந்தப் பொருளைப் பெற்றாலும் ஒப்புதல் அனுப்புவது என் வழக்கம். அவரைக் கண்டித்து ஒரு வரி எழுதியிருக்கலாம். அவர் மனம் நோகும் என்று எழுதவில்லை.

நான்கு மாதம் கழித்து அறுபதாம் கல்யாணம். விழா ஏற்பாடு முழுவதும் 'உறவுப் பாலம்'. மகேஸ்வரி வந்திருந்தார். பந்தி நடக்கும் கூடத்தில், பெண்களுக்கு நடுவில், புகைப்படக்காரர் வராத பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அவரிடமிருந்து மூன்று நாற்காலி தள்ளி, மேடை தெரியும்படி இருந்தேன். மாலை மாற்றி முடிந்ததும் ஜெயகணேஷ் ஒலிபெருக்கியை எடுத்தார்.

"எல்லாருக்கும் ஒரு சர்ப்ரைஸ்! இந்த அப்பாவுக்கு நான் குடுக்கற கிஃப்ட். பல வருஷமா எந்தப் பத்திரிகையிலும் இல்லாத பேரு. அம்பர்நாத்ல..."

கம்பெனியின் பெயரையும் பிரிவையும் சொன்னார். "மூத்த மகள் மகேஸ்வரி! வாங்க சிஸ்டர், மேடைக்கு வாங்க. அப்பா மன்னிச்சிட்டாரு!"

கைதட்டல். கேமரா கூடத்துக்குள் வந்துவிட்டது. ராஜசேகர் மாலையோடு எழுந்து நின்று "வேண்டாம், வேண்டாம்" என்று கையை ஆட்டினார். கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்து ஜனங்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பக்கத்திலிருந்த அம்மாள் ஒருவர் மகேஸ்வரியின் தோளைப் பிடித்துத் தூக்கி, "போ தாயி, இப்பமாச்சும் போய் அப்பா கால்ல விழு" என்றார். மகேஸ்வரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமையல் கூடத்து வழியாக வெளியேறினார். அந்தக் காட்சி அன்று மாலைக்குள், 'பிரிந்த மகளைச் சேர்த்துவைத்த உறவுப் பாலம்' என்ற தலைப்போடு எத்தனையோ தொலைபேசிகளுக்குப் போய்விட்டது. என் தொலைபேசிக்கே ஐந்து பேர் அனுப்பினார்கள்.

நம்மவர்களில் அடிபட்ட பெயரைப் பார்க்கும் எவரும் முதலில் சண்டை என்றுதான் நினைப்பார்கள். ஜெயகணேஷும் அப்படியே நினைத்தார் என்று வைத்துக்கொண்டாலும், நினைத்ததை ஒரே ஒரு கேள்வி கேட்டுச் சரிபார்க்க அவருக்கு நான்கு மாதம் இருந்தது. என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ப்ரூஃபைப் பார்த்தது தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

ஜனவரி 29ஆம் தேதி இரண்டு பேர் அம்பர்நாத் கம்பெனியின் வாசலில் வந்து மகேஸ்வரியை விசாரித்தார்கள். காவலாளி அவருக்கு ரகசியமாகத் தகவல் சொன்னதால் பின்வாசல் வழியாகத் தப்பினார். அந்த வாரத்திலேயே வேலையையும் அறையையும் விட்டார். நான்கு ஆண்டுகளாகக் கட்டிய வாழ்க்கை அது.

பிப்ரவரி 2ஆம் தேதி தங்கத்தாய் அச்சகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பேர எடுத்துருன்னு ஒங்கிட்ட வந்தேன். நீ என்னன்னா, பக்கத்துல காரணத்தயும் எழுதி வெச்சு, அவன் கையில குடுத்திருக்க."

"நான் கொடுக்கலை மைனி. நான் ஆஸ்பத்திரியில இருக்கும்போது எடுத்துட்டுப் போனான்."

"எடுத்துட்டுப் போனவனுக்கா நன்றி சொல்லுவாக? காட்டுனான். நன்றின்னு நீ போட்டது அவன் போன்ல அப்படியே இருக்கு."

"கட்டு திரும்பி வந்ததுக்குப் போட்டது."

"திரும்பி வந்ததுன்னா நீ குடுத்ததுதானே? ஊருக்கெல்லாம் தாளக் காட்டி நியாயம் பேசுவியே. இப்பம் உன் தாளுதான் பேசுது."

அருகிலிருந்த கரீம் பாட்சா குறுக்கே வந்தார். "தங்கத்தாயம்மா, அவன் வந்து எடுத்துட்டுப் போனதுக்கு நான் சாட்சி."

"ராணி குடுக்கச் சொல்லலேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

பாட்சா நேர்மையான மனிதர். "அவன் அக்கா சொல்லுச்சுன்னுதாம்மா சொன்னான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார்.

தங்கத்தாய் படியிறங்கும்போது திரும்பி நின்றார். "இருபது வருசப் பழக்கம், அதனால ஒண்ணு சொல்லுதேன். திருடினேன்னு அவன் எழுத வேண்டாம். அக்கா குடுக்கலன்னு ஒத்த வரி எழுதிக் குடுக்கட்டும். அன்னைக்கு ஒன் வீட்டுப் படி ஏறுதேன்."

பிப்ரவரி 10ஆம் தேதி செம்பூர் அலுவலகத்தில் ஜெயகணேஷைச் சந்தித்தேன். அழுதார். அழுதது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

"நல்லதுக்குத்தான் அக்கா பண்ணேன். ஒரு ஃபேமிலி சேரும்னு நெனச்சேன். எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டியது எல்லாம் அந்தத் தாளிலேயே பென்சிலால் எழுதியிருந்ததே."

"தமிழ்ல கையெழுத்து எனக்கு வராதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"உன் அலுவலகத்தில் தமிழ் படிக்கிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்."

அவர் மேசையைப் பார்த்தார். நான் கொண்டுபோயிருந்த வெள்ளைத் தாளை அவர் முன் வைத்தேன்.

"அக்கா கொடுக்கவில்லை என்று ஒரு வரி. இந்தியிலே எழுது, போதும்."

"எழுத்துல எதுக்கு அக்கா? தங்கத்தாய் ஆண்ட்டி கிட்ட நானே வாயால சொல்லிடறேனே."

"சொன்னாயா?"

"சொல்லுவேன். ஆனா எழுதிக் குடுத்தா மாட்டிப்பேன். நாளைக்கே அந்த ஃபேமிலி கேஸ் போட்டா? என் பிசினஸே டிரஸ்ட்லதான் ஓடுது அக்கா."

"என் தொழிலும் அதில்தான் நடக்கிறது."

"ஒங்களுக்கென்ன, பிரஸ். பத்திரிகை அடிக்க ஆள் வந்துட்டேதான் இருப்பாங்க."

வருகிறார்கள். இப்போது யாரும் ப்ரூஃபை என் மேசையில் உட்கார்ந்து திருத்துவதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். கையெழுத்திட்ட தாளைத் திருப்பித் தரத் தயங்குகிறார்கள். சென்ற மே மாதம் அணுசக்தி நகரிலிருந்து வந்த ஓர் அம்மாள் ப்ரூஃபைத் திருப்பிக் கொடுத்தபோது, அதில் ஒரு வரி பிளேடால் நறுக்கி எடுக்கப்பட்டிருந்தது. அந்தத் துளை வழியாக என் மேசை தெரிந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கத்தாய் எதிர்ப்பட்டால் சாலையின் அந்தப் பக்கம் மாறிப் போகிறார்.

2024 மார்ச் 4 அன்றும் ஜூலை 15 அன்றும் ஜெயகணேஷுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். இரண்டுக்கும் ஒப்புகை அட்டை அவர் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. இடையில் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினார். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி அனுப்பினார். பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். அதற்கும் ரசீது இருக்கிறது.

விருதைத் தடுக்க வேண்டும் என்று கூட்டமைப்பைக் கேட்கவில்லை. வாழ்க்கைக் குறிப்பு கேட்டீர்கள். மேலே எழுதியிருப்பது அவர் வாழ்க்கை. இதில் ஒரு வரியையும் குறைக்காமல் அச்சிட வேண்டும். குறைப்பதாக இருந்தால் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். இந்தக் கட்டுரையின் ஒரு பிரதியைச் செயலாளருக்குக் கொடுக்கும் அதே நாளில் ஜெயகணேஷுக்கும் அனுப்புகிறேன். பின்வருவது அவருக்கு.

ஜெயகணேஷ், 2023 செப்டம்பர் 14ஆம் தேதி நான்கு ப்ரூஃப் கட்டுகளையும் நான் சொல்லாமல், என் அனுமதி இல்லாமல் எடுத்துச் சென்றாய் என்பதை உறுதி செய். அக்கா சொன்னதாகக் கரீம் பாட்சாவிடம் நீ சொன்னது உண்மையல்ல என்பதை உறுதி செய். இவை தங்கத்தாய்க்காக. அந்தப் பென்சில் குறிப்பை 2024 ஜனவரி 21ஆம் தேதிக்கு முன்பு உனக்கு யாராவது வாசித்துக் காட்டினார்களா, இல்லையா என்பதையும் எழுது. இது எனக்காக.

தொலைபேசியில் சொல்வதும், மேடையில் என் பெயரைச் சொல்லி வணங்குவதும், மிக்கேல்ராஜ் மூலம் தூது அனுப்புவதும் பதிலாக ஏற்கப்படமாட்டா. 2025 ஜனவரி 31ஆம் தேதிக்குள், உன் கையெழுத்தோடும் தேதியோடும், அச்சக முகவரிக்கு எழுத்துப்பூர்வமான பதில் வர வேண்டும்.

விஜயராணி
தாராவி, 2025 ஜனவரி 6